முப்பத்து மூன்று முடிச்சு

போன வருடம் மதுரைக்கு வெளியே ஒரு பொட்டலில் ஆகாய விமானம் வந்து இறங்கியிருந்தது. காசு கொடுத்தவர்களை ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்கள். என் தங்கை மகன் வேடிக்கை காட்டுகிறேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஏறுவதற்கு எனக்கு ஆசை இல்லை, இந்தக் கிழவியை ஏற்றுவதற்கு அவர்களுக்கும் மனம் இல்லை. நான் பாட்டுக்கு அதன் வால்பக்கம் போய் நின்றேன்.

எண்ணெய்க் கறை பிடித்த கால்சட்டையோடு ஒரு மெக்கானிக் அங்கே துடைத்துக்கொண்டிருந்தார். வாலின் பின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு மட்டும் தனியாக அசைந்தது. அது எதற்கு என்று கேட்டேன். டிரிம் என்றார். பாரம் முன்னால் கூடினால் விமானம் மூக்கை இறக்கிக்கொண்டே போகுமாம், பின்னால் கூடினால் தூக்கிக்கொண்டே போகுமாம். ஓட்டுகிறவர் வழி நெடுக கையிலுள்ள ஓட்டுகோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் தோள் விட்டுப்போகும். அதற்காக உள்ளே ஒரு சின்னச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். அதைத் திருகினால் இந்தத் தகடு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். தகட்டின் மேல் அடிக்கிற காற்றே பெரிய வாலை அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும்.

"சரியா வச்சுட்டா ஓட்டுறவரு கையை எடுத்துட்டு வெத்தல போடலாம்மா" என்றார்.

"யாராச்சும் வேணும்னே அதை மாத்தி வச்சுட்டா?"

"அப்படி யாரும்மா செய்வாக?"

"செஞ்சா?"

"கீழ வரும். ஓட்டுனவரு மேலதான் பழி விழும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் செய்திருக்கிறேன், நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அது விமானம் இல்லை, பட்டம். கீழே வந்தது பட்டம் மட்டும் இல்லை.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கம்பத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் இருக்கிறது. நாலைந்து தலைமுறைக்கு முன்பே கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த ஊர். மலைமேல் அணை கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ஆண்களில் பாதிப் பேர் கூலிக்கு மலை ஏறினார்கள், அதில் பாதிப் பேர் காய்ச்சலோடு இறங்கினார்கள். அணைத் தண்ணீர் இன்னும் வராததால் ஆடி மாதம் ஊர்க் கண்மாய் வெடித்துக் கிடக்கும். மேற்கு மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கும். அங்கனக்குள்ள ஆடிக் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. கூரையைப் பிய்க்கும், சோளத்தட்டையைப் படுக்க வைக்கும், வாயைத் திறந்தால் மண்ணை அள்ளிப் போடும்.

ஆடிக் கடைசியில் மாதா திருநாள் வரும். மாதாவின் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுப்பது கிழக்குத் தெருவா மேற்குத் தெருவா என்று ஒரு காலத்தில் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஊர் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. திருநாளுக்கு முந்தைய நாள் சாயங்காலம், காய்ந்த கண்மாயில் இரண்டு தெருவும் ஆளுயரப் பட்டம் ஒவ்வொன்று விட வேண்டும். எவ்வளவு உயரம் போகிறது என்பது கணக்கில்லை. பட்டத்தை ஏற்றி நிறுத்தி, கயிற்றைத் தரையில் அடித்த முளையில் கட்டிவிட்டு, விட்டவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும். உடனே கரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் செபமாலையைத் தொடங்குவார்கள். மாலையில் ஐம்பத்து மூன்று மணி, மணிக்கு ஒரு செபம். யாருடைய பட்டம் கை படாமல் அதிக மணிக்கு நிற்கிறதோ அந்தத் தெருவுக்கு முதல் தோள்.

கையில் கயிறு இருக்கிற வரை எந்தக் கோணல் பட்டத்தையும் நிறுத்தலாம். அது சாயும்போது இழுப்போம், முட்டும்போது விடுவோம். கால் நாழிகையில் உள்ளங்கை கிழியும், ஆனாலும் நிற்கும். கையை எடுத்த பிறகு நிற்க வேண்டுமானால் பட்டத்துக்குள்ளேயே அந்தக் கை இருக்க வேண்டும். அது இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, பட்டத்தின் நெஞ்சில் மேலும் கீழுமாகக் கட்டி முன்னால் கூட்டி முடிகிற சூத்திரக்கயிறு. அந்த முடிச்சு ஒரு விரற்கடை மேலே போனால் பட்டம் காற்றுக்குப் பணிந்து படுக்கும், கீழே வந்தால் நிமிர்ந்து முட்டும். இன்னொன்று வால். வால் கனம் குறைந்தால் பட்டம் தலையைச் சிலுப்பிக்கொண்டு சுற்றும், கூடினால் எழும்பாது.

வாலில் முப்பத்து மூன்று துணி முடிச்சு இருக்க வேண்டும், ஆண்டவர் உலகத்தில் இருந்த வருடக் கணக்கு. அந்தத் துணி, பட்டம் கட்டுகிறவருடைய மனைவியின் கூறைச் சேலையிலிருந்து கிழித்ததாக இருக்க வேண்டும். முடிச்சுகளை அவளே போட வேண்டும். கையை விட்டதும் பட்டம் சீக்கிரமே விழுந்தால், அந்தக் கூறையைக் கட்டியவள் சுத்தமில்லாதவள். இப்படி யார் முதலில் சொன்னார்களோ, அவர் நரகத்தில் இருக்கட்டும். இருபது மணிக்குள் விழுந்தால் வாலின் குற்றம், அதாவது வீட்டுக்காரியின் குற்றம். இருபதுக்கு மேல் விழுந்தால் காற்றின் குற்றம். காற்றை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வீட்டுக்காரியைச் செய்யலாம், திருநாளன்று தலையில் முள்முடி வைத்துக் கோயில் வாசலில் முழங்காலில் நிறுத்தலாம்.

எங்கள் மேற்குத் தெருவுக்குப் பட்டம் கட்டியது என் வீட்டுக்காரருடைய அண்ணன். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அவருடைய மனைவி, என் ஓர்ப்படியாள், கெங்குவார்பட்டிக்காரி. அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது அவளுக்கு.

அக்காவுக்கு அழகு கிடையாது. நெட்டையாக, எலும்பு தெரிய இருப்பாள். ஆனால் அந்தக் கண்ணை ஆண்டவர் யாருக்கோ செய்து தவறி அவளிடம் வைத்துவிட்டார். பெரியவர் மூங்கில் சிம்பைச் சீவி, காகிதத்துக்குப் புளியங்கொட்டைப் பசை தடவிக்கொண்டிருப்பார். அவள் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போவாள். நிற்கக்கூட மாட்டாள்.

"எடது தோளு கனம்" என்பாள்.

அவர் கேட்காதது போல இருப்பார். பிறகு நூலில் தொங்கவிட்டுப் பார்த்தால் இடது தோள் ஒரு நெல்மணி இறங்கும். தெருவில் எல்லோருக்கும் தெரியும், பட்டம் அவருடையது, கண் அவளுடையது என்று. சாவடியில் அவரை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் தெரியும்.

எனக்கு அவளை ஏன் பிடிக்காமல் போனது என்று பெரிய காரணம் சொல்ல ஆசையாக இருக்கிறது. என்னை அடித்தாள், கஞ்சி ஊற்றாமல் போட்டாள், மலடி என்றாள் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அவள் ஒன்றும் செய்யவில்லை. நான் கன்னியர் மடத்தில் நாலெழுத்துப் படித்துவிட்டு வந்தவள். அந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் செபப் புத்தகம் வாசிக்கத் தெரியும் என்ற மண்டைக்கனம் எனக்கு நிறைய இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் அவள் வால் கட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்காமல் நானும் ஒரு முடிச்சுப் போட்டேன். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போட்ட முடிச்சை அவிழ்த்தாள், துணியை நீவினாள், தன் கையால் மறுபடி போட்டாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

அவ்வளவுதான். இரண்டு வருடம் அதை வயிற்றில் வைத்து வளர்த்தேன். வேறொன்றும் அந்த வயிற்றில் தங்கவில்லை.

மூன்றாவது வருடத் திருநாளுக்கு முந்தைய நாள், உச்சிப்பொழுதில் வீட்டில் எல்லோரும் கோயில் வெள்ளையடிக்கப் போயிருந்தார்கள். வயிற்று வலி என்று நான் மட்டும் இருந்தேன். மாட்டுக் கொட்டத்தில் வால் ஒரு கூடையில் சுருண்டு கிடந்தது. அரிவாள்மணையைக் கொண்டுபோனேன். நுனியிலிருந்து மூன்று முடிச்சைத் தள்ளி, இரண்டு இழுப்பு. கயிற்று நுனியை அவள் கட்டியிருந்தது போலவே முடிந்து வைத்தேன். அறுத்த துண்டைக் கொட்டத்துக் கூரையில் சொருகினேன். கை நடுங்கியதா என்று கேட்டால், இல்லை. பசித்தது. போய்ப் பழைய சோறு தின்றேன்.

அவள் முள்முடி வைத்து நிற்க வேண்டும் என்று நான் நினைத்தேனா? ஆமாம், நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. ஒரு நாள் அவமானப்படட்டும், பிறகு அடங்கிப் போவாள், அதோடு சரி என்று நினைத்தேன். இன்றைக்கு எழுதும்போது இப்படித்தான் நினைவு இருக்கிறது. அதற்கு மேலேயும் நினைத்திருந்தால் எனக்கு நானே சொல்லியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் கண்மாயில் ஊர் முழுக்க நின்றது. மணி எண்ணுவதற்கு, சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கரைமேல் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வெள்ளைக்காரச் சாமியார் எங்கோ இருந்து மறுநாள் காலையில்தான் பூசைக்கு வருவார். இந்தப் பட்டக் கூத்தெல்லாம் அவருக்கு யாரும் சொன்னதில்லை. முதலில் கிழக்குத் தெருப் பட்டம் ஏறியது. நாற்பத்தோராவது மணிக்கு ஒரு குத்துக் காற்று வந்து அதைச் சாய்த்தது. அது காற்றின் குற்றம். அந்த வீட்டுக்காரி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

பிறகு எங்கள் பட்டம். என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிப் பிடித்தார்கள். பெரியவர் கூடையிலிருந்து வாலை உருவி மண்ணில் நீட்டினார். அப்போது அவர் உதடு அசைந்தது. கரையில் இருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். நுனிக்கு வந்ததும் உதடு நின்றது. தலையைத் தூக்கவில்லை. குனிந்தபடியே சூத்திரக்கயிற்று முடிச்சை இரண்டு விரலால் பிடித்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று முடிச்சுக் குறைந்த வாலோடும் அந்தப் பட்டத்தை நிறுத்தலாம். சூத்திரத்தை ஒரு விரற்கடை மேலே ஏற்றினால் போதும், பட்டம் காற்றுக்குக் கொஞ்சம் படுத்துக் கொடுக்கும், சிலுப்பாது. பத்து மணி குறைந்து நிற்குமோ என்னவோ, இருபதைத் தாண்டிவிடும். இது அந்த மைதானத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அவருக்கு, அக்காவுக்கு, பார்த்துப் பார்த்துப் படித்த எனக்கு. அவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். ஏற்றப்போகிறார், கெடுத்துவிட்டார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார். முடிச்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

பட்டம் ஏறியது. அவர் கையில் கயிறு இருக்கும் வரை ஒரு குறையும் தெரியவில்லை. கட்டினார், இரண்டு கையையும் தூக்கினார். பெண்கள் செபத்தைத் தொடங்கினார்கள். அக்காவும் சொன்னாள், அவள் மடியில் குழந்தை இருந்தது. ஏழாவது மணிக்குப் பட்டம் தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பன்னிரண்டுக்கு ஒரு வட்டம் போட்டு மீண்டது. செபம் சொல்கிற குரல்களில் பாதி நின்றுவிட்டது. பத்தொன்பதாவது மணிக்கு அது ஒரு பக்கமாகக் குத்திக்கொண்டு கண்மாய்க் கரையில் வந்து மோதியது. மூங்கில் உடைந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும் என்று எழுதினால் அது பொய். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"பத்தொம்பது" என்றார் உபதேசியார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் உடைந்த பட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை போதும். வாலை யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று சொன்னால் போதும். முப்பது முடிச்சு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் மண்ணில் கிடந்தது, எண்ணிப் பார்க்க ஒரு நாய்கூட வரவில்லை.

என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏலே, ஒம் பொண்டாட்டிய என்னன்னு கேளு."

"கேக்க என்ன இருக்கு ஆத்தா" என்றார் பெரியவர். "அதான் ஊரே பாத்துருச்சுல்ல."

மறுநாள் திருநாள் பூசைக்கு அக்கா கோயில் வாசலில் முழங்காலில் நின்றாள். இலந்தை முள்ளில் வளையம் செய்து தலையில் வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் அவளைச் சுற்றித்தான் போக வேண்டும். சில பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். நானும் ஒதுக்கிக்கொண்டு போனேன். நெற்றியிலிருந்து மூக்கோரம் ஒரு ரத்தக் கோடு இறங்கிக் காய்ந்திருந்தது. வெள்ளைக்காரச் சாமியார் வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். என்ன இது என்று கேட்டார்.

"நேர்த்திக்கடன் சாமி" என்றார் உபதேசியார். "அவுகளே நேந்துக்கிட்டாக."

சாமியார் மனம் இளகிப்போய் அவள் தலைக்கு மேல் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்தார். அன்றைய பிரசங்கத்தில் அவளுடைய பக்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் முகத்தை மாற்றவில்லை. சப்பரத்துக்குக் கிழக்குத் தெரு முதல் தோள் கொடுத்தது.

சேதி போய், ஆறாம் நாள் அவளுடைய அண்ணன் அவளைக் கூட்டிப்போக வண்டி கொண்டுவந்தார். முற்றத்தில் வைத்துக் குழந்தையை அவள் இடுப்பிலிருந்து மாமியார் பிடுங்கினாள். "புள்ள எங்க வீட்டு ரத்தம்" என்றாள். பிறகு குழந்தையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற என் கையில் திணித்தாள். அது என் தோளைக் கடித்தது. நாலு பல் பதிந்தது. வண்டி தெரு முனை திரும்பும் வரை அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. கத்தி அழுவாள், மண்ணில் புரளுவாள் என்று எதிர்பார்த்து நின்ற தெருவுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் மாட்டுக் கொட்டத்துக் கூரையில் கையை விட்டுத் தேடினேன். நான் சொருகிய துண்டு அங்கே இல்லை.

கூரையைப் பாதி பிரித்துப் பார்த்தேன். எலி இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆடி பிறந்தது. பட்டம் கட்டுகிறவருக்கு மனைவி இல்லை, ஆகவே வால் அந்த வீட்டின் அடுத்த மருமகளுடைய கூறையில் என்று ஊர் தீர்த்துவிட்டது. பெரியவர் என்னிடம் நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. தம்பி மனைவியிடம் எதுவும் சொல்வதென்றால் சுவரைப் பார்த்தோ மாட்டைப் பார்த்தோ சொல்வார். அன்று காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்.

"கூறையில ஒரு மொழம் வேணும். முப்பத்து மூணு முடிச்சு. எண்ணிப் போடச் சொல்லு. கொறஞ்சா கவலையில்ல, மூணு எங்கிட்ட பத்திரமா இருக்கு."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் மாட்டுத் தீவனக் கவணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எந்த மூணு?" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். பல்லோடு கண்ணும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஏழு ஆடி. ஏழு வருடமும் என் கூறையைக் கிழித்து முடிச்சுப் போட்டேன். முப்பத்து மூன்றை முப்பது தடவை எண்ணினேன். ஏழு வருடமும் அவர் கண்மாயில் நின்று சூத்திரக்கயிற்று முடிச்சை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கரையில் உட்கார்ந்திருந்த என்னைத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவசரமே படமாட்டார். ஒரு மயிரிழை மேலே தள்ளுவார், மறுபடி கீழே இழுப்பார். ஊர், என்ன நுணுக்கம் பார் என்று வியக்கும். பிறகு கட்டிவிட்டுக் கையைத் தூக்குவார். நான் மற்றவர்களோடு செபம் சொல்ல வேண்டும். மாதாவிடம் என்ன கேட்பது? அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஒரு வருடம் பதினேழாவது மணிக்குப் பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. விழவும் இல்லை, நிமிரவும் இல்லை. எனக்கு உட்கார்ந்த இடத்தில் சேலை நனைந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் வியர்வை என்று நினைத்திருப்பாள். இருபதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் அதை ஒருநாளும் விழவிடவில்லை. விழுந்திருந்தால் ஒரே நாளில் முள்முடியோடு தீர்ந்திருக்கும். அது அவருக்குத் தெரியும்.

குழந்தை என்னிடமே வளர்ந்தது. எனக்கு வேறு பிள்ளை இல்லை. அது என்னை ஆத்தா என்று கூப்பிட்டது. முதல் தடவை கூப்பிட்டபோது ஓங்கி ஓர் அறை விட்டேன். அப்புறம் பழகிவிட்டது, அதற்கும் எனக்கும்.

மலைமேல் அணை முடிந்து தண்ணீர் இறங்கியது. அடுத்த ஆடியில் கண்மாய் நிறைந்து கிடந்தது. பட்டம் விட இடம் இல்லை. வருடத்துக்கு ஒரு தெரு என்று உபதேசியார் சொல்ல, ஊர் முனகிக்கொண்டே கேட்டுக்கொண்டது. தண்ணீர் வந்தது என்று ஊரே கும்பிட்டது. என்னளவு நெஞ்சார யாரும் கும்பிட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு மூன்று வருடம் கழித்துப் பெரியவர் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அவருடைய பெட்டியை ஒழித்தபோது செபமாலைக்கு அடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். என் அரிவாள்மணை அறுத்த தடம் அப்படியே இருந்தது. மூன்று முடிச்சு.

அப்போது பெண்ணுக்குப் பதிமூன்று வயது. ஓடைப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெற்றவளுக்குச் சொல்ல வேண்டாமா என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நானே போகிறேன் என்றேன். வண்டியில் இரண்டு நாள் பயணம். அந்த மூன்று முடிச்சையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க என்ன சொல்வது, எப்படி அழுவது, எப்படிக் காலில் விழுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் என்னைச் செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அவளுடைய அண்ணன் வீட்டுக் கொல்லையில் கூரைச் சாய்ப்பில் இருந்தாள். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. தலை பாதி நரைத்திருந்தது. நெற்றியில் மயிர் ஓரத்தில் இரண்டு மூன்று தழும்பு, அரிசி அளவு. உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன்.

"பெரியவுக போய்ட்டாக, அக்கா."

"சொன்னாக."

மடியை அவிழ்த்து மூன்று முடிச்சையும் அவள் முன்னால் வைத்தேன். "நாந்தான் அறுத்தேன்" என்றேன். பதினோரு வருடம் தொண்டையில் நின்ற வார்த்தை, வெளியே வந்ததும் ஒன்றுமில்லாமல் இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"வாலு கூடையில இருந்து வெளிய வரும்போதே. நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? முப்பதோட நின்னுச்சு. வீட்டுல அன்னைக்கு இருந்தது நீ ஒருத்திதான்."

"அங்கனயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"யாருகிட்ட? அவரும்தான் எண்ணினாரு. ஒதடு அசைஞ்சத நான் பாத்தேன். சூத்திரத்தைப் பிடிச்சாரு. ஒரு வெரக்கட ஏத்துனாப் போதும். ஏத்துவாரு, ஏத்துவாருன்னு அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். எடுத்துட்டாரு." அடுப்பில் விறகைத் தள்ளினாள். "அப்புறம் நான் யாருகிட்ட என்ன சொல்ல?"

நான் அழத் தொடங்கினேன். வழியில் ஒத்திகை பார்த்த அழுகை இல்லை, தானாக வந்தது. "ஒன்னய நெனச்சு நான் ஒரு நாள் ஒழுங்காத் தூங்குனதில்ல அக்கா. என்னய மன்னிச்சிரு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தோள் கனம் பார்க்கிற அதே பார்வை.

"ஒன்னய நான் நெனச்சதே இல்லடி" என்றாள். "அறுக்குறதுக்கு ஊருக்குப் பத்துப் பேரு இருப்பாளுக. நீ இல்லன்னா இன்னொருத்தி. நான் நெனச்சதெல்லாம் அந்த ரெண்டு வெரலத்தான். மன்னிப்பு வேணும்னா சாமியாருகிட்டப் போ. பாவசங்கீர்த்தனக் கூண்டுல ஒக்காந்து குடுப்பாக."

அடித்திருக்கலாம். பதினோரு வருடம் எனக்குள் பெரிய பாவியாக நிமிர்ந்து நின்றவளை அவள் ஒரு வாய்ச் சொல்லில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், அந்த நேரத்திலும் அவள்மேல் கோபம்தான் வந்தது. முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்ட அன்றைக்கு வந்த அதே கோபம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னேன். "புள்ளைக்குத் தையில கலியாணம். நீ வரணும்."

அப்போதுதான் அவள் கை நின்றது. அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒன்னய என்னன்னு கூப்புடுறா?"

"ஆத்தான்னு."

சட்டி கொதித்து மூடி ஆடியது. குழந்தை எப்படி இருக்கிறாள், என்ன உயரம், யார் சாடை என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அவளைப் போலவே நெட்டை என்று சொல்லியிருப்பேன். தண்ணீர்க் குடத்தோடு போகும்போதே எது கோணல் என்று சொல்லிவிடுகிறாள் என்றும் சொல்லியிருப்பேன்.

"நான் வரல" என்றாள். "வந்தா நீ யாருன்னு அவகிட்டச் சொல்லணும். அவளுக்கு ஒரு ஆத்தாவாச்சும் இருக்கட்டும்."

பிறகு அந்த மூன்று முடிச்சையும் எடுத்தாள். ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வெளியே வெளுத்திருந்த துணி முடிச்சுக்குள்ளே அரக்குச் சிவப்பாக அப்படியே இருந்தது. மடியில் வைத்து நீவினாள், நாலாக மடித்தாள். மடித்த துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கினாள். கை சுடவில்லை போலிருக்கிறது, முகம் மாறவில்லை.

"வண்டியில வந்தவ, தின்னுட்டுப் போ" என்று சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். எனக்குப் பசித்தது. தின்றேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.